டார்லீன் ஹாவ்லிக் பின்பக்கமாக எடுத்த எழுபது அடி

டார்லீன் ஹாவ்லிக் சால்ட் ரிவர் பள்ளத்தாக்கில் வண்டி எடுத்த கதையை இப்போது அரிசோனா முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பாதிப் பேர் தப்பாகச் சொல்கிறார்கள். நாற்பதடி வண்டி என்கிறார்கள், முப்பத்தாறடிதான். பனி கொட்டியது என்கிறார்கள். அடித்ததோ சுள்ளென்ற வெயில். நான் அங்கேயே நின்றவள். என் பெயர் ரொவீனா. ஐடாஹோவில் இருபத்தெட்டு வருஷம் தபால் வண்டி ஓட்டினேன். அடுத்தவர் சேதியைப் பிரிக்காமல், நசுக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில்.

டார்லீன் நெப்ராஸ்காவில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். குள்ளம், அகலமான தோள், கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். அவள் புருஷன் மெர்ல் தானிய லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற அந்த மாதமே வீட்டை விற்று, சாமான்களைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, இந்த வண்டியில் ஏறிவிட்டார்கள். பதினோரு வருஷமாக அதுதான் வீடு. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள். குளிர்காலத்தில் பென்சன் ஊருக்கு வெளியே, எங்களைப் போல வண்டியிலேயே வாழ்கிறவர்கள் தங்கும் முகாமில் இருப்பார்கள். ஏப்ரலில் வடக்கே கிளம்பி, மோன்டானாவில் ஒரு ஏரிக்கரை முகாமைக் கோடை முழுக்கப் பார்த்துக்கொள்வார்கள். வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, கக்கூஸ் கழுவுவது, ராத்திரி பாட்டுப் போடுகிற பையன்களை அதட்டுவது எல்லாம் டார்லீன்தான். அந்த வேலையில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எங்களைப் பார்த்து "அடடா, தினமும் உல்லாசப் பயணம்!" என்று பெருமூச்சு விடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். வாருங்களேன், வந்து ஒருநாள் கழிவுத் தொட்டியைக் காலி செய்யுங்களேன். குழாயை மாட்டும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க மறந்தால் அன்றைய உல்லாசம் முடிந்தது. ஒரு குடம் தண்ணீரில் இரண்டு பேர் குளிக்க வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு கதவைச் சாத்திப் போக வேறு அறை கிடையாது, வெளியே பாலைவனம்தான். ஹாவ்லிக் தம்பதி சண்டை போட்டால் மெர்ல் வெளியே வந்து டயரில் காற்று பார்ப்பார். அவர்கள் டயரில் எப்போதும் காற்று சரியாக இருந்தது.

எங்கள் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. உள்ளே ஸ்டீயரிங் புருஷனுடையது. வெளியே மீதி எல்லாம் பெண்டாட்டியுடையது. குழாய் கழற்றுவது, நிழல் துணியைச் சுருட்டுவது, பின்னால் சின்னக் காரைக் கட்டுவது, அவிழ்ப்பது, வண்டி பின்னால் வரும்போது கையைக் காட்டி இடம் சொல்வது. இந்தச் சட்டம் எனக்குப் பிடிக்காது. என் புருஷன் ஓடிப்போன நாளிலிருந்து இரண்டையும் நானே செய்கிறேன். ஆனால் பதினோரு வருஷத்தில் டார்லீன் அந்த வண்டியை ஓட்டியது மொத்தமே நாலு தடவை. அதுவும் பெட்ரோல் பங்கிற்குள்.

போன பிப்ரவரியில் மெர்ல் முகாம் வாசலில் வண்டியால் இடித்து ஒரு குப்பைத் தொட்டியைச் சாய்த்தார். தொட்டி இருந்ததே அவருக்குத் தெரியவில்லை. டூசானில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, இடது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது, வலது கண்ணும் அதே வழியில் போகிறது, இனி ஸ்டீயரிங் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

இதில் ஒரு வாக்கு வேறு சிக்கியிருந்தது. வீட்டை விற்ற அன்று பிள்ளைகளிடம் இருவரும் சொல்லியிருந்தார்கள்: அப்பாவால் ஓட்ட முடியாத நாள் வந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுகிறோம் என்று. ஒமாஹாவில் இருக்கும் மகள் ஜனெல் அதை மறக்கவில்லை. நல்ல பெண். ஆஸ்பத்திரியில் தாதிகளுக்கெல்லாம் தலைவி, எதையும் முன்கூட்டியே முடித்துவைக்கிற ரகம். தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு அறைக்கு வெள்ளையடித்து, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்து, வண்டியை விற்க ஆள் பேசிவிட்டுத்தான் போன் செய்தாள். பத்து நாளில் விமானம் ஏறி வந்து வண்டியைத் தானே ஓட்டிப் போவதாகச் சொன்னாள்.

டார்லீன் போனை வைத்துவிட்டு நான் குடியிருக்கும் டிரெய்லருக்கு வந்தாள். காது சிவந்திருந்தது.

"கம்பி வெச்சிருக்காளாம் ரொவீனா. நான் கேட்டேனா கம்பி?"

"வாக்குக் குடுத்தது நீங்கதானே?"

"அவரால முடியலன்னாத்தானே குடுத்தோம். என்னால முடியுமான்னு அன்னிக்கு யாருமே கேக்கல. நானும் கேக்கல, அந்தக் கோபந்தான் எனக்கு."

மகளிடம் அவளே பேரம் பேசினாள். கற்றுக்கொள்ள அந்தப் பத்து நாள். பிறகு பென்சனிலிருந்து வடக்கே ஷோ லோ ஊர் வரை, நடுவில் இருக்கிற சால்ட் ரிவர் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறி, வண்டியை டார்லீன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஜனெல் கூடவே வந்து பார்க்கலாம். வழியில் ஒரு தடவை, ஒரே ஒரு அடி, மெர்லோ வேறு யாரோ ஸ்டீயரிங்கைத் தொட்டால் வண்டி ஷோ லோவிலிருந்து நேரே ஒமாஹாவுக்குப் போகும், மறுபேச்சு கிடையாது. ஜனெல் ஒப்புக்கொண்டாள். அந்த மலைச்சாலையைப் படத்தில் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாள் என்பது என் சந்தேகம்.

அடுத்த நாளே, குதிரைச் சாகசம் நடக்கும் ஊர் ரோடியோ மைதானத்தில் பயிற்சி தொடங்கியது. முகாமில் யாராவது வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துகிறார்கள் என்றால் நாங்கள் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். கேவலமான பழக்கந்தான், ஆனால் நாங்கள் எல்லோரும் அதை அனுபவித்து வந்தவர்கள். அன்று மைதானத்தில் இருபத்தாறு நாற்காலி. சோப்புத்தூள் வாளிகளை வரிசையாக வைத்து மெர்ல் பாடம் எடுத்தார்.

"சுத்து! அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்! ஐயோ, வாளி!"

"எந்தப் பக்கம்னு வாயால சொல்லு, கையால ஆட்டாத. நான் ரோட்டப் பாக்கறதா, உன் கையப் பாக்கறதா?"

"நாப்பது வருஷம் லாரி ஓட்டினவன்டி நான்."

"ஓட்டினே. சொல்லித்தர வரல உனக்கு. எறங்கு!"

இரண்டாம் நாளே அவரை இறக்கிவிட்டாள். பதினான்கு வாளி நசுங்கியது. நசுங்குகிற ஒவ்வொன்றுக்கும் நாற்காலிக்காரர்கள் கைதட்டினார்கள். நாலாம் நாள் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி, பின்சக்கரத்துக்கும் பின்முனைக்கும் நடுவே உள்ள தூரத்தைக் காலால் அளந்து பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, இது பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுத் தள்ளுவண்டி மாதிரிதான் என்றாள். நடைவழியில் திருப்பும்போது முன்பக்கம் இடிக்காதாம், பின்பக்கம் எதிர்த்திசையில் வீசி சுவரில் இடிக்குமாம். முப்பத்தொரு வருஷம் சூடான சூப்போடு அதைத் திருப்பியிருக்கிறாள், ஒரு சொட்டு சிந்தியதில்லை. அதற்குப் பிறகு வாளி நசுங்கவில்லை. மூன்று நாளில் நாற்காலிகள் எல்லாம் சலித்துப்போய்க் கிளம்பிவிட்டன.

பத்தாம் நாள் ஜனெல் வந்து இறங்கினாள். மறுநாள் விடிந்ததும் புறப்பட்டோம். முன்னால் ஹாவ்லிக் வண்டி, அதன் பின்னால் கட்டியிழுக்கும் சின்னக் கார், அதற்குப் பின்னால் என் பிக்கப்பும் டிரெய்லரும். ஜனெல் என்னோடு உட்கார்ந்தாள். மெர்ல் டார்லீனுக்குப் பக்கத்து இருக்கையில். பள்ளத்தாக்கு முடிகிற வரை வாயைத் திறக்கக் கூடாது என்று அவள் போட்ட நிபந்தனைக்காக ஒரு பெரிய பொட்டலம் சூரியகாந்தி விதையை மடியில் வைத்துக் கொறித்துக்கொண்டிருந்தார்.

குளோப் ஊரைத் தாண்டி மலையேறி, பிறகு சாலை கீழே இறங்கத் தொடங்கும் இடத்தில் ஜனெல் கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டினாள்.

"என்னம்மா பண்றே?"

"பிரேக் கருகற வாடை வருதான்னு பாக்கறேன் ஆன்ட்டி."

"வருதா?"

"இல்ல." பத்து வளைவு கழித்து மறுபடி, "இன்னும் இல்ல," என்றாள். குரலில் ஏமாற்றமா நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

டார்லீன் இரண்டாம் கியரில் வண்டியைப் பிடித்துவைத்துக்கொண்டு, பிரேக்கை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு இறங்கினாள். ஒவ்வொரு வளைவிலும் பின்முனை எந்தப் பக்கம் வீசும் என்று அறிந்து இடம் விட்டாள். பின்னால் ஊர்ந்து வந்த கார்களை ஒதுங்கிப் போகவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், மெர்ல் அந்த இறக்கத்தை அவ்வளவு சுத்தமாக இறங்கி நான் பார்த்ததில்லை.

அடியில், பாலத்தை ஒட்டி, ஆற்றோரமாக வண்டிகள் நின்று இளைப்பாற ஒரு இடம் உண்டு. பிரேக் ஆறட்டும் என்று டார்லீன் அதற்குள் வளைந்தாள். அது ஒருவழி வளையம். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். நான் வெளிவரிசையிலேயே நிறுத்திவிட்டேன். அவள் வளையத்தின் பாதிக்கு மேல் போன பிறகுதான் தெரிந்தது, வெளியேறும் வாயிலில் யாரோ ஒரு வாடகை வண்டியைக் குறுக்கே நிறுத்திப் பூட்டிவிட்டு ஆற்றுக்கு இறங்கிப் போயிருக்கிறார்கள் என்று. அவளுக்குப் பின்னால் அதற்குள் ஐந்து கார், ஒரு பள்ளிப் பேருந்து. ஹார்ன் காதைப் பிளந்தது.

நானும் ஜனெலும் ஓடிப்போனோம். கதவு திறந்திருந்தது. மெர்ல் மடியிலிருந்த விதையெல்லாம் தரையில் சிதற எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"ரிவர்ஸ் போடு! அந்தப் பஸ்காரன் நகர்ந்து வழி விடுவான், நேரா பின்னால எடு!"

டார்லீன் கியரைத் தொடவே இல்லை. "பின்னால காரு கட்டியிருக்கு மெர்ல்."

எங்கள் கூட்டத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. காரைக் கட்டிக்கொண்டு பின்னால் போகவே கூடாது. பத்தடி போனால் கார் ஒருபக்கம் மடங்கி, இணைப்புக் கம்பி முறுக்கிக்கொண்டு முறிந்துவிடும். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவருக்கு அது நினைவில் இல்லை. பதினோரு வருஷமாக அந்தக் காரைக் கட்டி அவிழ்த்தது அவர் இல்லையே. அவருக்கு அது பின்னால் தானாக வரும் ஒரு பொருள். ஜனெல் அப்பாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

டார்லீன் இறங்கிப்போய்க் காரை அவிழ்த்தாள். மின்கம்பியை உருவினாள், சங்கிலி இரண்டையும் கழற்றினாள், முளைகளைத் தட்டி எடுத்தாள். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. ஜனெல் காரை ஒதுக்கி நிறுத்தினாள். நான் பின்னால் போய் அந்த ஐந்து காரையும் பேருந்தையும் ஒவ்வொன்றாக வளையத்துக்கு வெளியே அனுப்பினேன். ஒருவன் என்னைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான். நானும் என் பங்குக்குச் சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது.

திரும்பி வந்தால், மெர்ல் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையும் ஸ்டீயரிங்குக்கு ஒரு விரற்கடை தள்ளி நிற்கிறது. டார்லீன் படியில் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஜனெல்.

"எழுபது அடிதான் டார்லீன். ஒரு பக்கம் சுவரு, ஒரு பக்கம் ஆறு. கண்ணே இல்லன்னாலும் நான் எடுத்துடுவேன்."

"எடுத்துடுவே. தெரியும்."

"அப்புறமென்ன?"

"நீ தொட்டா நாம ஒமாஹா போறோம்."

"யாரும் பாக்கல."

"நாந்தான் பாக்கறேனே அப்பா," என்றாள் ஜனெல். கடுமையாகச் சொல்லவில்லை.

மெர்ல் அசையவில்லை. "எழுந்தேன்னா இந்த எடத்துல மறுபடி உக்கார மாட்டேன் டார்லீன். இன்னியோட முடிஞ்சுது."

"ஆமா," என்றாள் அவள். பொய் சொல்லி ஆறுதல் தருகிற பழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது. "எழுந்திரு ராசா. எனக்கு வேல இருக்கு."

அவர் எழுந்தார். என் கண்ணில் நீர் வந்தது. வந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பின்னால் நின்று கைகாட்ட யார் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் கேள்வி வந்தது. மெர்லுக்குத் தூரம் தெரியாது. நான் நுழைவாயிலில் நின்று புதிதாக வருகிற வண்டிகளைத் தடுக்க வேண்டும். ஜனெல் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வண்டியின் பின்பக்கம் நடந்தாள். எனக்கு அன்றுதான் தெரியும்: பத்து வயதிலிருந்து அறுவடைக் காலமெல்லாம் அப்பாவின் லாரியைத் தானியக் கிடங்கு வாய்க்குக் கைகாட்டிப் பின்னால் வரவழைத்தது அவள்தானாம். பக்கக் கண்ணாடியில் தன் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

"வாம்மா! வா, வா, வா... வாலு ஆத்துப் பக்கம் போகுது, ஒடி! ம், நேராக்கு! வா!"

முப்பத்தாறடி வண்டி ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் பின்னால் வந்தது. வலது பக்கம் கல்சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண். இடது பக்கம் கைப்பிடிக் கம்பி, அதற்குக் கீழே ஆறு. வளைவின் கழுத்தில் டார்லீன் நிறுத்தினாள். முன்னால் நாலடி எடுத்துத் திருத்திக்கொண்டு மறுபடி பின்னால் வந்தாள். அவசரமே படவில்லை. ஒமாஹா தலைவி முழங்கால்வரை புழுதியோடு பின்னாலேயே நடந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டாள். கடைசியில் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்து "போதும்!" என்றாள். வண்டி நுழைவாயிலுக்கு வெளியே, தார்ச்சாலையை ஒட்டி, நேராக நின்றது. வெளியே ஓரமாக நின்றிருந்த அந்தப் பேருந்துப் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கூச்சல் போட்டார்கள். அரைமணி முன்னால் ஹார்ன் அடித்தவனும் கைதட்டினான்.

டார்லீன் இறங்கி வந்தாள். காது சிவந்திருந்தது, ஆனால் அது கோபமில்லை. "பாத்தியா?" என்றாள் மகளிடம். அவ்வளவுதான். உடனே காரைக் கட்டப் போய்விட்டாள். ஜனெலும் குனிந்து சங்கிலி மாட்டினாள்.

எதிர்மலையை ஏறி, மாலை நாலு மணிக்கு ஷோ லோவில் பைன் மரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தினோம். மெர்லின் கை ஸ்டீயரிங்கில் ஒரு தடவையும் படவில்லை. ஜனெல் கொஞ்சம் தள்ளிப் போய் வீட்டுக்காரனுக்குப் போன் போட்டாள்.

"அந்தக் கீழ் ரூமுல உன் சாமான எல்லாம் போட்டுக்கோ... ஆமா, நெஜமாத்தான். வண்டி வாங்கற ஆளுக்கும் வேண்டான்னு சொல்லிடு... இல்ல, அழல. தொண்ட கட்டிக்கிச்சு."

டார்லீன் அடுப்பில் முட்டைக்கோசும் இறைச்சியும் அடைத்த ரொட்டியைச் சூடாக்கினாள். வெளியே மேசை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். பள்ளத்தாக்கு முடிந்துவிட்டது, இனி வாயைத் திறக்கலாம் என்று மெர்லை நான்தான் சீண்டினேன்.

"அந்த ஆறு பச்சையா இருக்கு ரொவீனா," என்றார்.

"எப்பவும் பச்சைதான் அது."

"இருவது தடவைக்கு மேல அந்த வழியா வந்திருக்கேன். வெள்ளக் கோட்டத் தவிர எதையும் பாத்ததில்ல. மேல ஏறும்போது இன்னிக்குத்தான் திரும்பிப் பாத்தேன். செவப்பா, மஞ்சளா, அடுக்கடுக்கா மலை. அடியில இத்தனூண்டு பச்ச."

"ஒவ்வொரு தடவையும் சொன்னேனே, அங்க பாரு, அங்க பாருன்னு," என்றாள் டார்லீன். "'ம்'முன்னு ஒரு சத்தம் வரும் உங்கிட்டேர்ந்து."

"ரோட்டப் பாக்கணுமே."

"அது சரி."

அவர் தட்டில் இருந்ததைக் கொஞ்ச நேரம் கிளறினார். "இந்த வலது கண்ணு இன்னும் ரெண்டு வருஷம் வரலாம், மூணு வரலாம்னு சொன்னார் டாக்டர். அதுக்குள்ள கொஞ்சம் பாத்துக்கலாம்னு தோணுது."

டார்லீன் எழுந்து உள்ளே போய்ச் சாலை வரைபடத்தைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தாள். மோன்டானாவுக்கு நேராகப் போகும் பெருஞ்சாலையில் ஜனெல் ஏற்கெனவே மையால் கோடு போட்டு வைத்திருந்தாள். எந்த ஊரில் ராத்திரி தங்குவது என்றுகூடக் குறித்திருந்தாள். டார்லீன் அந்தக் கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"இந்த ரோடு வேண்டாம். சமதரை, பாக்க ஒண்ணும் இல்ல. யூட்டாப் பக்கம் செம்பாறைக்குள்ள போகுதே, அதப் போடு."

"அம்மா, அங்க பூரா வளைவும்மா. நாலு நாள் கூட ஆகும்."

"ஆகட்டுமே."

மறுநாள் காலை ஜனெலை விமானத்துக்குக் கொண்டுபோய்விட ஒரு வண்டி வந்தது. அது போன பிறகு நாங்களும் கிளம்பினோம். டார்லீன் இருக்கையை முன்னால் இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். மெர்ல் ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாக வெளியே நின்று, முன்கண்ணாடியில் தன் பக்கத்தை மட்டும் மூன்று தடவை துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.